அம்பாரோவின் காரில் கேஸ் நிற்பதில்லை

பாலைவனத்து எல்லை ஊரான மெஹிகாலியில், ஜூலை மாதத்தில், பகல் ஒரு மணிக்கு, ஓடுகிற காரை விட்டு யாரும் இறங்கி நடக்க மாட்டார்கள். பல் டாக்டர் அம்பாரோ செப்ரேரோஸ் நடந்தாள். சிக்னலில் முதல் ஆளாக நின்றிருந்தவள், தன் வெள்ளைக் காரின் கதவைத் திறந்து, கைப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு, இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கினாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்களெல்லாம் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச்சாரியில் பீரும் ஐஸும் விற்கிற கடை ஒன்று இருந்தது. நேரே அதற்குள் போய், ஐஸ் மூட்டைகள் அடுக்கிய பெட்டியின் மூடியைத் தூக்கி, இடுப்புவரை உள்ளே கவிழ்ந்துகொண்டாள்.

கல்லாவில் இருந்த பெண் எழுந்து வந்தாள். "என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் இப்படியே இருக்க விடு."

பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு அந்தப் பெண் கல்லாவுக்கே திரும்பிப் போனாள்.

போக்குவரத்துப் போலீஸ்காரனுக்கு அந்தக் காரைத் தெரியும். நீண்ட மூக்கும் இரண்டே இருக்கையுமாக, தரையோடு தரையாகப் பதுங்கி ஓடும் அந்தப் பழைய ஜப்பான் காரை ஊரில் தெரியாதவர்கள் குறைவு. அவன் பள்ளிக்கூடத்தில் அம்பாரோவின் புருஷன் லியோபார்தோவிடம் ஓடவும் தாண்டவும் கற்றுக்கொண்டவன். லியோபார்தோவுக்குப் போன் போட்டுவிட்டுக் காரை ஓரம் கட்டினான்.

லியோபார்தோ தன் பெரிய பிக்கப்பில் வந்து சேர்ந்தபோது, அம்பாரோ கடை வாசல் நிழலில் ஈரத் தலையோடு நின்றிருந்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அதை விழுங்கிவிட்டு, "கார்ல ஏசி வேல செய்யலயா?" என்று மட்டும் கேட்டான்.

"போன வாரம்தான் கேஸ் அடிச்சேன். சிக்னல்ல நின்னா அனல்தான் வருது."

"வித்துடலாம் கிழவி. வயசான வண்டி. பேசாம வித்துடலாம்."

அவள் பதில் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு எதற்கும் பதில் சொல்லத் தெம்பில்லை.

அந்தக் காரை அவள் சொந்தமாக கிளினிக் வைத்த வருஷம் வாங்கினாள். கல்யாணம் முடிந்து மகன் நடக்கத் தொடங்கியிருந்த சமயம். குழந்தை இருக்கிற வீட்டில் யாராவது இரண்டு இருக்கைக் கார் வாங்குவார்களா என்று மாமியார் கேட்டாள். லியோபார்தோ ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காருக்கு 'உன் இன்னொரு புருஷன்' என்று பேர் வைத்தான். ஒரு நாளும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. மகன் வளர்ந்து டிஹுவானாவுக்குப் படிக்கப் போய்விட்டான். கார் மட்டும் அவளோடேயே இருந்தது. மற்றதெல்லாம் கல் மாதிரி உழைத்தது. ஏசிதான் சொதப்பியது. முன்பெல்லாம் வேனில் தொடங்கும்போது ஒரு தடவை கேஸ் அடித்தால் அக்டோபர்வரை தாங்கும். போன வருஷம் இரண்டு தடவை அடித்தாள். இந்த வருஷம் அடித்த வாரமே போய்விட்டது.

காருக்கு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நடப்பதுதான் யாருக்கும் தெரியாது. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் எப்போதாவது ஒரு கொதிப்பு வந்தது. மார்பில் தொடங்கி, கழுத்து வழியாக ஏறி, காது மடல்வரை தீப்பிடித்த மாதிரி எரியும். ஆடாமல் நிற்கிற பல்லைப் பிடுங்குகிற நேரம் இருக்கும், பிறகு இறங்கிவிடும். இப்போது ஒரு நாளில் எத்தனை என்று அவளே கணக்கு விட்டுவிட்டாள். கொதிப்பைவிட மோசம், இடையில் இருக்கிற நேரம். உட்கார முடியவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். படம் பார்க்கப் போய்ப் பாதியில் எழுந்து வந்தாள். கிளினிக் அலமாரியைக் கலைத்து அடுக்கினாள், மறுநாள் மறுபடி கலைத்தாள். வீட்டில் இருந்தால் வெளியே போக வேண்டும், வெளியே போனால் வீட்டுக்கு வர வேண்டும். அவளுக்கு இது என்னவென்று தெரியாமலில்லை, படித்தவள்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால், அது தன்னை வந்து பிடித்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் நோயாளிகளையெல்லாம் தள்ளிப்போடச் சொல்லி உதவியாளரிடம் சொல்லிவிட்டு, காரை லாமின் பட்டறைக்கு ஓட்டிப் போனாள்.

அபெலார்தோ லாமின் பாட்டன் சீனாவிலிருந்து பருத்திக் காட்டுக்கு வந்தவர். பேரன் பருத்தியையும் தொடவில்லை, சொந்தக்காரர்களைப் போல ஹோட்டலும் வைக்கவில்லை. கார் ஏசி ஒன்றைத்தான் கற்றுக்கொண்டார். தகரக் கூரை போட்ட பட்டறை. மூலையில் ஆள் உயர ஏர்கூலர் ஒன்று ஈரக் காற்றை இரைச்சலோடு தள்ளிக்கொண்டிருந்தது. லாமுக்கு அறுபது வயதிருக்கும். தொந்தி முன்னால் வந்த பிறகுதான் அவர் வருவார்.

"வாங்க டாக்டரம்மா. கேஸ் அடிக்கணுமா?"

"கேஸ் வேணாம் மேஸ்திரி. ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கணும்."

"இதுவரைக்கும் எங்க அடிச்சீங்க?"

அவள் ஒரு ரோட்டோரக் கடையைச் சொன்னாள். லாம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவன்கிட்டயா. சைக்கிளை நிறுத்துனாக்கூட அதுக்கும் கேஸ் அடிச்சு அனுப்புவானே." பிறகு நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. லாம் பானெட்டைத் திறந்து மீட்டர் குழாய்களை மாட்டிய நேரமெல்லாம் அவள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். லாம் கொஞ்சம் கேஸும் அதோடு ஒரு சாயமும் ஏற்றினார். கேஸ் எங்கே ஒழுகுகிறதோ அங்கே அந்தச் சாயமும் கசியும், விசேஷ வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். "இன்னைக்குப் பூரா ஓட்டுங்க. நாளைக்குக் கொண்டுவாங்க. திருடன் எங்க இருக்கான்னு பாத்துடலாம்."

அவளுக்கு ஓட்டுவது கஷ்டமான வேலையா என்ன. ஊரைச் சுற்றினாள். எல்லை வேலியோரமாகப் போய்த் திரும்பினாள். விமான நிலையம்வரை போய், யாரையும் ஏற்றாமல், யாரையும் இறக்காமல் வந்தாள். வீட்டுக்கு வந்தபோது லியோபார்தோ கூடத்தில் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க போயிருந்த?" என்று கேட்டான். "சும்மா" என்றாள். அவன் ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளையே பார்த்தான். அவள் அதற்குள் சமையலறைக்குப் போய், அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

இரண்டாம் நாள் லாம் விளக்கைப் பிடித்துப் பார்த்ததில், இன்ஜின் பக்கத்துக் குழாய் இணைப்பு ஒன்றில் பச்சை தெரிந்தது. கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. கை பட்டதும் நொறுங்கியது.

"பாருங்க, இதான். பழைய கேஸுக்குப் போட்ட ரப்பர். புது கேஸுக்கு இது ஒத்துவராது. எல்லா இணைப்பையும் மாத்திடுறேன்."

மாற்றினார். பம்பை வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்து, மீட்டரின் முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டதும் பம்பை நிறுத்தினார். ஓட்டை இல்லையென்றால் முள் அங்கேயே நிற்க வேண்டும். இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாம் கோக் பாட்டில் ஒன்றை உடைத்து நீட்டினார். அவள் வாங்கிக் குடிக்காமல் கழுத்தில் வைத்து உருட்டிக்கொண்டாள். முள் மெல்ல, யாரும் பார்க்காத மாதிரி, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் அம்பாரோ.

"கம்ப்ரஸர்தான். அதோட சீல் போயிருக்கும். சுத்தி எண்ணெயா இருக்கு பாருங்க. என் அம்மா மேல சத்தியமா கம்ப்ரஸர்தான்."

"உங்கம்மா இருக்காங்களா மேஸ்திரி?"

"நல்லா இருக்காங்க. அதனாலதான் யோசிச்சு சத்தியம் பண்றேன்."

உடைத்துப்போட்ட கார்கள் கிடக்கிற காயலான் கடையிலிருந்து அதே வகைக் கம்ப்ரஸர் ஒன்றை அன்று மாலையே வரவழைத்தார். மூன்றாம் நாள் அதை மாட்டினார். பம்பை வைத்தார். முள் அடியில் போய் உட்கார்ந்தது. லாம் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். சோயா சாஸில் வறுத்த மஞ்சள் மிளகாய் ஒரு தட்டு அவர் மேஜையில் இருந்தது. இரண்டை எடுத்து மெல்வதற்குள் முள் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது.

லாம் மிளகாய்த் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிக் கேளுங்க, நல்லா இருக்காங்களான்னு" என்றாள் அம்பாரோ.

லாம் சிரிக்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப கூலிங் காயில்தான். டேஷ்போர்டுக்கு உள்ள. அங்க தேடணும்னா எல்லாத்தையும் முழுசாப் பிரிக்கணும் டாக்டரம்மா. பழைய பிளாஸ்டிக், தொட்டா ஒடையும். அத்தனையும் பிரிச்சு, அப்புறம் ஓட்டை அங்கயும் இல்லன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது? உள்ள எட்டிப் பாக்கவும் முடியாது. என் விளக்கு தடியன் மாதிரி இருக்கு, நுழையாது. நானும் நுழைய மாட்டேன்."

அம்பாரோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நாலு தெரு தள்ளியிருந்த கிளினிக்குக்கு வெயிலிலேயே நடந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு. அதில் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, பல்லை அடைத்தபின் அந்தப் பசையை இறுக வைக்கிற நீல விளக்கு, அந்த வெளிச்சம் கண்ணில் படாமல் தடுக்கிற ஆரஞ்சுக் கண்ணாடி. விளக்கு பேனா கனம்தான் இருக்கும்.

லாம் நீல வெளிச்சத்தைத் தன் கையில் சிந்தியிருந்த சாயத்தின் மேல் அடித்து, ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளங்கை பச்சையாக எரிந்தது. "அடேங்கப்பா. இதையா இத்தன வருஷமா ஜனங்க வாய்க்குள்ள வெச்சிருந்தீங்க."

பயணி பக்கத்து இருக்கையை லாம் கழற்றி வெளியே வைத்தார். முன்னாலிருந்த சாமான் பெட்டியையும் கழற்றினார். அம்பாரோ தரையில் மல்லாந்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். முப்பது வருஷமாக ஜனங்களின் கடைவாய்க்குப் பின்னால் பார்த்துப் பழகிய கை. கண்ணாடியை இடது கையில் திருப்பி, விளக்கை வலது கையில் சாய்த்து, இடுக்கு இடுக்காகப் போனாள். அந்த இருட்டில், அந்த நாற்றத்தில், வேர்வை காதுக்குள் வடிந்தபோதும் அவளுக்குப் பதற்றம் இல்லை. பல நாளுக்கப்புறம் உடம்பு ஒரே இடத்தில் கிடந்தது. காயில் பெட்டியிலிருந்து குழாய் வெளியே வந்து வளைகிற இடத்தில், ஒரு தகட்டுப் பட்டை அதன் மேல் உரசிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். பட்டைக்குப் பின்னால், கடுகளவு, பச்சை.

கூப்பிட வாயைத் திறந்தாள். அப்போது பட்டறை வாசலில் பூட்ஸ் சத்தம்.

"லாம், இதானே லியோபார்தோ வண்டி?"

குரல் தெரிந்த குரல். எவேலியோ. அவள் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். கால்நடைத் தீவனம் விற்கிறவர், பழைய கார்களின் மேல் பைத்தியம்.

"இது டாக்டரம்மா வண்டிங்க" என்றார் லாம்.

"ரெண்டும் ஒண்ணுதானே. மாசக் கடைசியில எனக்குத் தர்றதா சொல்லியிருக்கான். என் பையனுக்கு. ஏசி வேல நடக்குதுன்னு கேள்விப்பட்டேன், அதான் பாத்துட்டுப் போகலாம்னு. கம்ப்ரஸர் புதுசா?"

லாம் இருமினார். எவேலியோவுக்கு அது இருமல் என்றே பட்டது.

"பாவம்ப்பா லியோபார்தோ. அவ இனிமே ஓட்டக் கூடாதுங்கறான். தல கொஞ்சம் சரியில்லயாம். நடுரோட்ல வண்டிய விட்டுட்டு இறங்கி நடந்துட்டாளாம். அவ அத்தை ஒருத்தி கடைசி காலத்துல அப்படித்தான் ஆனாளாம்."

கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் அசைந்தன. அம்பாரோ பின்னால் நகர்ந்து, முழங்கையை ஊன்றி, வெளியே வந்து நின்றாள். நெற்றியில் ஆரஞ்சுக் கண்ணாடி, கன்னத்தில் கரி.

"என்ன அண்ணே, முகந்தான் தெரியலன்னா காலுமா தெரியல?"

எவேலியோ தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "தங்கச்சி. நீ இங்க... நான் சும்மா..."

அந்த நேரம் பார்த்து அது வந்தது. மார்பில் தொடங்கியது. அவளுக்கு ஓட வேண்டும் போல இருந்தது, வாசல் எங்கே என்று கண் தேடியது. ஆனால் வாசலை எவேலியோ அடைத்துக்கொண்டு நின்றார். அவள் கூலருக்கு எதிரே போய், அதன் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் ஒட்ட வைத்துக்கொண்டாள். இரைச்சலை மீறிச் சொல்ல வேண்டியிருந்ததால் குரல் உரத்து வந்தது.

"எனக்கு தலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. ஒரு வருஷமாச்சு. அதனால உடம்பு கொதிக்குது. அவ்ளோதான். வண்டி விக்கிறதுக்கில்ல."

எவேலியோ எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லாம் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தார். "என் பொண்டாட்டியும் இதுல ரெண்டு வருஷம் பாடுபட்டா. நான் அவளுக்குத் தனியா ஒரு ஏசி மாட்டிக் குடுத்தேன், அதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம். அவ அத எம்மேல தூக்கிப் போடாத குறை." கொஞ்சம் பொறுத்து, "ஓட்டை கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கெடச்சுது. வளைவுல. பட்டை உரசி உரசித் தேஞ்சிருக்கு."

"அப்ப டேஷ்போர்டு முழுசா பிரிக்க வேணாம். வளைவு வெளியதானே இருக்கு, காயில் பெட்டிய மட்டும் இறக்கிடலாம்" என்றார் லாம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவள் வீட்டுக்கு டாக்ஸியில் போனாள். லியோபார்தோ வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தான். எவேலியோ போன் செய்துவிட்டார் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"என் வண்டிய விக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"நீதான். விக்கலாம்னு சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா?"

"நம்ம வீட்ல அதுக்கு சரின்னுதான் அர்த்தம். எனக்கு இருபத்தாறு வருஷமா அப்படித்தான்."

அவள் ஆத்திரத்தோடு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். "ஊர் பூரா எனக்குப் பைத்தியம்னு சொல்லி வெச்சிருக்க. எங்கத்தைய வேற இழுத்து."

"ஊர் பூரா சொல்லல. எவேலியோகிட்ட மட்டும் சொன்னேன். யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்." அவன் குரல் உடைந்தது. பள்ளி மைதானத்தில் விசில் இல்லாமலே நூறு பிள்ளைகளை நிறுத்தின குரல் அது. "அந்தப் போலீஸ்காரப் பய போன்ல என்ன சொன்னான் தெரியுமா? 'சார், டாக்டர் வண்டி நடுரோட்ல நிக்குது, இன்ஜின் ஓடுது, கதவு திறந்திருக்கு, பை இருக்கு, டாக்டரக் காணோம்'னான். அங்கேருந்து வாய்க்கால் எவ்ளோ தூரம்? ரெண்டு தெரு. நான் வர்ற வழியெல்லாம் தண்ணியத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். உன் நீலச் சட்டை தெரியுதா, தெரியுதான்னு."

அம்பாரோ நின்றுவிட்டாள்.

மெஹிகாலியின் பாசன வாய்க்கால்களுக்கு ஆழம் அதிகமில்லை. ஆனால் சிமெண்டுக் கரை வழுக்கும், விழுந்தவர்கள் ஏறி வருவது அபூர்வம். அன்று ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் சுகமாக இருந்த நேரத்தில் இவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். அது அவளுக்குத் தோன்றவேயில்லை.

"நான் ஐஸ் கடைக்குப் போனேன் லியோ" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சாப்பிட உக்கார்றதில்ல. பேச உக்கார்றதில்ல. வண்டிய எடுத்துட்டு எங்கயோ போற, கேட்டா சும்மாங்கற. ஒண்ணு என்னை விட்டுட்டுப் போகப் போற, இல்ல... நான் என்ன நெனைக்கிறது? வண்டி இல்லன்னா வீட்ல இருப்பன்னு நெனச்சேன். முட்டாள்தனம்தான்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கடிக்கிற."

அது உண்மைதான். நின்றபடியே, சுவரில் சாய்ந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். எரிச்சல் எங்கே தொடங்கி எதுவரை ஏறும் என்பதை, நோயாளியின் வாயில் கருவியை வைத்துவிட்டு மருந்தறைக்குள் ஓடி நின்றதை, பொழுது விடிந்தால் உடம்பு எங்காவது போ போ என்று பிடித்துத் தள்ளுவதை. அவன் பாதியில் குறுக்கிட்டு, "இது நோயா?" என்று கேட்டான். "இல்ல. வயசு" என்றாள். "அதுக்கு மருந்து இருக்கா?" "இருக்கு." "நீ டாக்டர்கிட்ட போனியா?" "நானே டாக்டர்தான்." "பல்லுக்கு" என்றான் அவன். கோபத்தின் நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. திங்கள்கிழமைக்கு பெண்களுக்கான மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவன் தொலைக்காட்சி பக்கம் போனான். போயும் அதைப் போடவில்லை.

அடுத்த நாள் லாமின் சித்தப்பா மகன், அலுமினியம் பற்ற வைப்பதில் கெட்டிக்காரன், காயிலின் அந்த வளைவை அடைத்துக் கொடுத்தான். லாம் காயிலுக்குள் நைட்ரஜன் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பட்டையை வெட்டியெறிந்துவிட்டு, ரப்பர் சுற்றி, எல்லாவற்றையும் மாட்டினார். லியோபார்தோ அம்பாரோவைப் பிக்கப்பில் கொண்டுவந்து விட்டவன், போகாமல் அங்கேயே நின்றான். அந்தக் காரின் வயிற்றை அவன் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

பம்பு ஓடி நின்றது. முள் அடியில் போய் ஒட்டியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாமும் லியோபார்தோவும் உள்ளூர் அணியில் பந்து வீசுகிறவன் சரியில்லை என்று சண்டையைத் தொடங்கினார்கள். லாம் அந்தப் பந்துவீச்சாளனைத் தன் மாப்பிள்ளையோடு ஒப்பிட்டு, இரண்டு பேருமே குறியை விட்டு வெளியேதான் எறிவார்கள் என்றார். சண்டை முடிந்தது. முள் அசையவில்லை.

கேஸ் ஏற்றி, இன்ஜினை முடுக்கி, லாம் உள்ளே கை நீட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, கைய வைங்க." அவள் வைத்தாள். விரல் நுனி வலிக்கிற அளவுக்குக் குளிர்ந்தது. காருக்கு அடியில் புழுதியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. லியோபார்தோ குனிந்து, "மறுபடி ஒழுகுதே?" என்றான் பதறி.

"அது ஒழுகணும் சார்" என்றார் லாம். "அது ஒழுகலன்னாத்தான் நீங்க என்னைத் திட்டணும்."

பிக்கப்பைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு லியோபார்தோ அவளோடு காரில் ஏறினான். முழங்கால் இரண்டும் மோவாயில் இடித்தன. "இதுல மனுஷன் உக்காருவானா" என்று முனகினான். அம்பாரோ பெரிய சாலைக்கு ஓட்டினாள். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர் கொட்டியது. முதல் சிக்னலில் நின்றபோதும் குளிர் குறையவில்லை. இரண்டாவது சிக்னலிலும் குறையவில்லை. அவளுக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது சிக்னலில் அது வந்தது. முகத்துக்கு நேரே பனிக்காற்று வீச, உள்ளேயிருந்து நெருப்பு ஏறியது. மூக்கு நுனி குளிர்ந்திருக்க, அதன் பக்கத்தில் வேர்வை வழிந்தது. கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. கார் குளிர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படியோ தான் நம்பியிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பட்டறையில் கழிந்த அத்தனை நாளும் அந்த நம்பிக்கையில்தான் போயின.

லியோபார்தோ அவள் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை, தடுக்கவில்லை. "வந்துடுச்சா?" என்றான்.

"ம்."

"ஓரமா நிறுத்து. நான் ஓட்டறேன்."

"நீயா?"

"ஏன், உன் இன்னொரு புருஷன் என்னைக் கடிச்சுடுவானா?"

நிறுத்தினாள். இருவரும் வெயிலில் இறங்கி, காரைச் சுற்றி இடம் மாறிக்கொண்டார்கள். லியோபார்தோ இருக்கையைப் பின்னுக்குத் தள்ள வழி தெரியாமல் அதே இடுக்கில் உட்கார்ந்து, கிளட்சை விட்டான். கார் ஒரு தவளைத் தாவல் தாவி நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள். மறுபடி முடுக்கினான், மறுபடி தாவியது. மூன்றாவது தடவை கியர் அரைகிற சத்தத்தில் அம்பாரோவின் பல் கூசியது. ஆனால் கார் நகர்ந்தது.

"வீட்டுக்கா?" என்று கேட்டான்.

"வேணாம். மலைப் பக்கம் போ. நிறுத்தாம போ."

அவன் மேற்கே திருப்பினான். ஊர் பின்னால் போனது. வறண்ட ஏரியின் உப்பு வெளி இரண்டு பக்கமும் விரிந்தது. பாறை மலை தூரத்தில் அனலில் நடுங்கியது. அவளுக்குக் கொதிப்பு வடிந்து, வழக்கம்போல நடுக்கம் வந்தது. நனைந்த சட்டை முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டிக்கொண்டது. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"லியோ, ஏசியக் கொஞ்சம் குறை. குளிருது."

"குறைக்கறதா? இவ்ளோ பாடுபட்டு வரவெச்சத?"

"குறைன்னா குறை."

"எந்தத் திருகு?"

"இடது பக்கம். அது வைப்பர். அதுக்குக் கீழ."

தெளிந்த வானத்தின் கீழே வைப்பர்கள் கண்ணாடியைக் கரகரவென்று துடைத்தன. அவன் அதை நிறுத்தத் தேடினான், விளக்கு எரிந்தது. அவள் குறுக்கே கை நீட்டினாள். "ரோட்டப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவன் ரோட்டைப் பார்த்தான். கியரை மட்டும் மாற்றாமலே, இன்ஜின் கத்தக் கத்த, மலையை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான்.